வழுக்கும் சோல், கறுக்கும் நகம், பிரியும் பசை: தோட்டப் பாதையில் ஓடும் சப்பாத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களின் பக்கம் காலையில் ஓடப் போகிறவர், ஒரே ஓட்டத்தில் நான்கு வகைத் தரையை மிதிக்கிறார். வீட்டு வாசலில் தொடங்குவது தார்ச்சாலை. அதன் பின் லாரிகள் அரைத்துப் போட்ட செம்மண் சரளை, செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகளுக்கு நடுவே புல் மூடிய தடம், வடிகாலைக் கடப்பதற்கு ஒரு சிமெண்டுப் பாலமோ ஒற்றைப் பலகையோ வரும். மலைப்பாதை ஓட்டக் காலணி என்று கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான். ஆகவே மலிவான சப்பாத்து ஏதாவது ஒரு தரையில் ஏமாற்றும்போது, விலையைக் குறை சொல்லிவிட்டு இரண்டு மடங்கு விலையில் இன்னொன்றை வாங்குகிறவர்கள் பல சமயம் அதே கோளாறை அதிக விலைக்கு வாங்கி வருகிறார்கள்.

கீழே உள்ளவை அறிகுறிவாரியாக எழுதப்பட்டுள்ளன. உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் பழைய சப்பாத்தைத் தூக்கி எறியாமல் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே உருவி, அதில் பதிந்திருக்கும் பாதத் தடத்தைப் பார்ப்பது. விரல்களின் தடம் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தால் சப்பாத்து குட்டையானது அல்லது குறுகலானது. இரண்டாவது, அடிப்பாகமான சோலைத் திருப்பி, துருத்தி நிற்கும் ரப்பர் பற்களில் எவை தேய்ந்திருக்கின்றன, எவை அப்படியே இருக்கின்றன என்று பார்ப்பது. உங்கள் ஓட்டம் உண்மையில் எந்தத் தரையில் நடக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மலைப்பாதைக்கென்று வாங்கிய சப்பாத்தின் பற்கள் குதிகாலின் வெளிப்பக்கத்தில் மொட்டையாக வழவழத்துக் கிடந்தால், அதன் உழைப்பில் பெரும்பகுதி தார்ச்சாலையில் போயிருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: வழுக்குகிறது

எங்கே வழுக்குகிறது என்று கேட்காமல் இந்த அறிகுறிக்கு மருந்து சொல்ல முடியாது. ஈரக் களிமண்ணில் வழுக்குவதும் ஈரச் சிமெண்டில் வழுக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரான காரணங்களால் வருபவை. ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றதை மோசமாக்கிவிடும்.

மண்ணில் வழுக்கினால் பற்களின் ஆழத்தையும் இடைவெளியையும் பாருங்கள். 3 மில்லிமீட்டர் பற்கள் காய்ந்த சரளைக்குப் போதும். முதல் நாள் மாலை இடிமழை பெய்து ஊறிய செம்மண்ணில் அவை புதைந்து நிற்க மாட்டா. 5 அல்லது 6 மில்லிமீட்டர் பற்கள் அங்கே நன்றாகப் பிடிக்கும். ஆழம் போதுமான அளவு இருந்தும் வழுக்குகிறது என்றால், ஓடி நிறுத்திய இடத்தில் சோலைத் திருப்பிப் பாருங்கள். பற்களுக்கு இடையே மண் அப்பி, அடி முழுவதும் ஒரே களிமண் தட்டையாகிவிட்டிருக்கும். பற்கள் நெருக்கமாக வைக்கப்பட்ட சோலில்தான் இது நேரும். அகன்ற இடைவெளி உள்ள சோல், கால் வளையும்போதெல்லாம் மண்ணை உதிர்த்துவிடும். பாதி வழியில் சப்பாத்து கல்லாகக் கனப்பதற்கும் இதுவே காரணம் என்பதால், கனத்தை ஒரு தனிக் கோளாறாக எண்ண வேண்டியதில்லை.

சிமெண்டிலும் பலகையிலும் பாசி பிடித்த கல்லிலும் வழுக்கினால் ஆழமான பற்கள் உதவுவதற்குப் பதிலாகக் கெடுக்கும். ஏனென்றால் பற்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது, பிடிமானம் அந்தச் சிறு பரப்பில் அடங்கிவிடுகிறது. இங்கே தீர்மானிப்பது ரப்பரின் மென்மை. கட்டைவிரல் நகத்தால் ஒரு பல்லை அழுத்திப் பாருங்கள். நகம் சற்றே பதிந்து, எடுத்ததும் தடம் மறைந்தால் அது நல்ல ரப்பர். நகம் பதியவே இல்லை, பிளாஸ்டிக் தட்டைப் போல் வழுக்கிப் போகிறது என்றால், அந்தச் சப்பாத்தை அணிந்துகொண்டு ஈரப் பாலத்தின் மேல் ஓடக் கூடாது, நடந்துதான் கடக்க வேண்டும். இரவுச் சந்தையில் பெரிய பெயர்களைத் தாங்கி வரும் போலிகளில் பலவற்றுக்கு அடியில் ரப்பரே இருப்பதில்லை. நுரையையே பல் வடிவத்தில் வார்த்துக் கறுப்பு நிறம் பூசியிருப்பார்கள். அதை நகம் ஆழமாகக் குத்தி, தடம் அப்படியே நின்றுவிடும்.

புத்தம் புதிய சப்பாத்து முதல் நாளிலேயே வழுக்கினால் பதற வேண்டாம். அச்சிலிருந்து ரப்பர் எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் வழுக்குப் பொருளின் படலம் சோலில் ஒட்டியிருக்கும். தார்ச்சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினாலோ, மணலும் சோப்பும் போட்டுத் தேய்த்தாலோ அது போய்விடும்.

இந்த இடத்தில், தோட்டத்துக் கடைகளில் தொங்கும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கம்போங் (கிராமத்து) அடிடாஸ் என்று நாடு முழுவதும் அழைக்கப்பட்டாலும் அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களும் செம்பனைக் குலை அறுக்கிறவர்களும் அணிந்து பழகிய இது, முழுவதும் ஒரே ரப்பர் வார்ப்பு. அடியில் சிறு குமிழ்கள். விலை ஒரு சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. ஈர மண்ணில் இதன் பிடிமானத்தைப் பல விலையுயர்ந்த காலணிகள் எட்டுவதில்லை என்பதால், காட்டுப் பாதை ஓட்டப் போட்டிகளிலும் இதை அணிந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மழைக்காலத்தில் இதை அணிந்து ஓடியிருக்கிறேன். இதில் ஒட்டிய சோல் என்று எதுவும் இல்லாததால் பிரிவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் நுரை என்பதே கிடையாது, காற்றும் புகாது, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டுக்கொள்கிறவர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள். கெட்டியான பந்துக் காலுறையுடன் சேற்று நாளில் வாரம் ஒரு முறை அணிவதற்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. தார்ச்சாலையும் கலந்த அன்றாடப் பயிற்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தார், சரளை, மண் மூன்றையும் ஒரே சப்பாத்தில் கடக்க வேண்டியவர்களுக்கு 3.5 முதல் 4.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்களே நடைமுறைக்கு ஏற்றவை. அதைவிட ஆழமான பற்கள் தாரில் நொடிந்து வளைந்து வேகமாகத் தேயும். நீங்கள் கொடுத்த கூடுதல் விலை சாலையோரம் ரப்பர்த் தூளாக உதிர்ந்துவிடும்.

அறிகுறி: கால் நகம் கறுக்கிறது, விரல் நுனி வலிக்கிறது

இறக்கத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் முன்னால் சரிந்து சப்பாத்தின் மூக்கில் முட்டுகிறது. நகத்தின் அடியில் இரத்தம் கட்டுவதே அந்தக் கறுப்பு. காரணம் இரண்டில் ஒன்றுதான்: சப்பாத்து குட்டையாக இருக்கிறது அல்லது நீளம் சரியாக இருந்தும் கயிறு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் காசில்லாத வழியைச் சோதியுங்கள். சப்பாத்தின் கணுக்கால் பக்கத்தில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, பெரும்பாலோர் பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசித் துளை ஒன்று இரு புறமும் இருக்கும். கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். இரு புறமும் வளையம் ஆனபின், இடக் கயிற்றை வல வளையத்திலும் வலக் கயிற்றை இட வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பூட்டப்பட்டு, பாதம் முன்னால் சரிவது நின்றுவிடும். விரல் பக்கத்துக் கயிற்றை இறுக்க வேண்டாம், அங்கே விரல்கள் விரிய இடம் வேண்டும். இப்படிக் கட்டி ஒரு வாரம் ஓடிப் பார்த்து, வலி நின்றால் புதிய சப்பாத்து வாங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

நிற்கவில்லை என்றால் அளவு தவறு. நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு மிக நீண்டது பெருவிரல் அன்று, இரண்டாவது விரல். பெருவிரலை மட்டும் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். வெயிலிலும் ஓட்டத்திலும் பாதம் வீங்கும் என்பதால் காலையில் கடைக்குப் போய் அளவு பார்க்கக் கூடாது. மாலையில், ஓடும்போது அணியும் காலுறையோடு போக வேண்டும். பட்டணத்துக் கடை ஒன்றில் அரை அளவு சிறியதை என்னிடம் நீட்டி, “போடப் போட விரிஞ்சிரும், அண்ணே” என்று சொல்லி விற்றுவிட்டார்கள். துணி அகலவாக்கில் கொஞ்சம் விரிந்தது உண்மைதான். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூட வளரவில்லை, அந்த ஆண்டு இரண்டு நகங்கள் விழுந்தன.

இணையத்தில் வாங்குகிறவர்கள் எண்களை நம்பாமல் சென்டிமீட்டரை நம்ப வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே 6.67 மில்லிமீட்டர் வேறுபாடு, பிரிட்டன் அளவில் 8.47 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே படிக்கட்டில் ஏறாததால், ஒரு நிறுவனத்தின் 42 இன்னொரு நிறுவனத்தின் 42-க்கு ஈடாகாமல் போவது இயல்பே. சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, காகிதத்தில் நீண்ட விரலின் நுனியைக் குறித்து, இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தின் அளவை விற்பவரின் சென்டிமீட்டர் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அந்த அட்டவணை பாதத்தின் நீளத்தைச் சொல்கிறதா, இன்சோலின் நீளத்தைச் சொல்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்சோல் நீளம் என்றால் உங்கள் பாத அளவோடு ஒரு சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ள வேண்டும். சிறு வயதில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் பாதம் விரல் பகுதியில் நன்றாக விரிந்திருக்கும். அவர்கள் நீளத்தைக் கூட்டி அகலக் குறையைச் சமாளிக்கப் பார்க்காமல், அகலப் பதிப்பையே தேட வேண்டும். 2ஈ, 4ஈ என்ற குறிகள் அதற்கானவை.

அறிகுறி: கொப்புளம்

கொப்புளம் வந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். குதிகாலின் பின்புறம் வந்தால் குதிகால் மேலும் கீழும் வழுக்குகிறது, மேலே சொன்ன கயிற்றுப் பூட்டு அதற்கும் மருந்து. சுண்டுவிரலில் வந்தால் சப்பாத்து குறுகல். உள்ளங்காலில் வந்தால் பெரும்பாலும் காலுறையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனித்துளி நிறைந்த புல்லில் பத்து நிமிடம் ஓடினாலே அது ஊறித் தோலை அரைக்கத் தொடங்கும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த புட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) காலுறை இரவுச் சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. உராயும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வதும் உதவும்.

கொப்புளம் உடைந்த காலோடு வடிகால் தண்ணீரில் இறங்கக் கூடாது. செம்பனைத் தோட்டத்தில் எலிகள் மிகுதி. அவற்றின் சிறுநீர் கலந்த நீர் வழியாக, தோலில் உள்ள காயத்தில் புகும் கிருமி லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சலைக் கொண்டுவரும். காயம் ஆறும்வரை தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அடியில் கல் குத்துகிறது, முள் ஏறுகிறது

கூர்ச்சரளை உள்ளங்காலில் உறைத்தால் நடுவில் உள்ள நுரை மெலிந்துவிட்டது அல்லது தொடக்கத்திலிருந்தே மெல்லியது. சில மலைப்பாதைச் சப்பாத்துகளில் நுரைக்கும் சோலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைக்கப்பட்டிருக்கும். அன்றாடத் தோட்டப் பாதைக்கு அதற்காகக் கூடுதல் விலை தரத் தேவையில்லை, சற்றுத் தடித்த நுரையே போதும்.

செம்பனை மட்டையின் அடிப்பகுதி முள் வேறு சங்கதி. அது பக்கவாட்டில் துணியைத் துளைத்து வரும், எந்த விலைச் சப்பாத்தும் அதைத் தடுக்காது. வெட்டிய மட்டைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் அடுக்குவது தோட்ட வழக்கம் என்பதால், குலை இறக்கும் தடத்தில் ஓடுங்கள், மட்டை அடுக்கிய பக்கம் குறுக்கே பாய வேண்டாம். குத்திய முள்ளின் நுனி உள்ளே முறிந்து நின்றால் வீட்டில் ஊசியால் நோண்டாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

அறிகுறி: சோல் பிரிகிறது அல்லது தூளாக உதிர்கிறது

இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்று பிழைக்கும், மற்றது பிழைக்காது.

மூக்குப் பக்கத்தில் சோல் வாய் பிளந்து, உள்ளே இருபக்கப் பரப்பும் கெட்டியாக இருந்தால் பசை மட்டுமே தோற்றிருக்கிறது. பசையைக் கொல்வது வெப்பம். கார் பின்பெட்டியில் நாள் முழுவதும் கிடப்பது, தகரக் கூரையின் மேல் உச்சி வெயிலில் காய்வது, வெந்நீரில் ஊறுவது ஆகிய மூன்றுமே அதைத் தளர்த்தும். வெயில் நுரையையும் சுருக்கிக் கோணலாக்கிவிடும். பழுது பார்ப்பது எளிது. பிளவுக்குள் இருக்கும் மண்ணைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுதும் நிழலில் உலர விடுங்கள். உப்புத்தாளால் இரு பரப்பையும் சொரசொரப்பாக்கி, இரும்புக் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சப்பாத்துப் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். உடனே ஒட்டக் கூடாது, இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். விரலால் தொட்டால் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒரே முறையில் பொருத்தி, பலமாக அழுத்தி, பழைய சைக்கிள் டியூப்பால் சுற்றி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். இன்னும் உறுதி வேண்டும் என்றால் கடைத்தெரு அஞ்சடியில் (கடைகளின் முன்னுள்ள நடைபாதையில்) உட்கார்ந்திருக்கும் சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தைத் தைத்துக்கொள்ளலாம். ஊசித் துளை வழியாகத் தண்ணீர் புகும் என்று கவலைப்பட வேண்டாம், தண்ணீர் எப்படியும் மேலே இருந்து வரத்தான் போகிறது.

நடுப்பகுதி கேக்கைப் போல நொறுங்கிப் பொடியாக உதிர்ந்தால் அது பாலியூரித்தேன் நுரை. காற்றில் உள்ள ஈரமே அதன் மூலக்கூறுகளை ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல அறுத்துவிடும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும், நம் நாட்டுப் புழுக்கத்தில் இன்னும் விரைவாக நடக்கும். ஒட்டுவதற்கு அங்கே திடமான பரப்பே இல்லாததால் பசைக்குச் செலவழிப்பது வீண். பழைய பொருள் விற்கும் பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் பழைய சப்பாத்துகள் பார்வைக்குப் புதிதாக இருந்து, முதல் ஓட்டத்திலேயே அடி கழன்று விழுவதற்கு இதுவே காரணம். அங்கே வாங்கத்தான் வேண்டும் என்றால், சப்பாத்தை நன்றாக வளைத்து, நுரையின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள், நகத்தால் கீறி மாவு உதிர்கிறதா என்றும் பாருங்கள். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரை இப்படி நொறுங்குவதில்லை. அது காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகும், அவ்வளவே.

அறிகுறி: மறுநாளும் ஈரம் காயவில்லை, நாறுகிறது

நீர் புகாத சவ்வு வைத்த சப்பாத்து வாங்கியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். குளிர் நாட்டில் அது பயன்படலாம். இங்கே முழங்கால் உயரப் புல்லில் ஓடும்போது கணுக்கால் திறப்பு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும், வியர்வையும் சேரும், சவ்வு இரண்டையும் வெளியே விடாது. அதிக விலை கொடுத்து அதிக ஈரத்தை வாங்குவது இந்த ஒரு வகையில்தான். மலிவான, சல்லடை போன்ற மெல்லிய வலைத் துணியே நமக்கு உகந்தது. ஓடி முடித்ததும் இன்சோலை உருவித் தனியே வைத்து, கசக்கிய நாளிதழ்த் தாளை உள்ளே திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அப்படியும் மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது. இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஒரே ஜோடி வாங்குவதைவிட அந்தப் பணத்தில் இரண்டு மலிவு ஜோடிகள் வாங்கி மாற்றி மாற்றி அணிவதே நல்லது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

அறிகுறி: குதிகால் தசைநாண், கெண்டைக்கால் வலி

புதிய சப்பாத்துக்கு மாறிய சில நாள்களில் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணோ கெண்டைக்காலோ இழுத்துப் பிடித்தால், பழையதன் குதிகால் உயரத்தையும் புதியதன் உயரத்தையும் ஒப்பிடுங்கள். சாலை ஓட்டச் சப்பாத்துகள் பலவற்றில் குதிகால், விரல் பகுதியைவிட 10 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். மலைப்பாதைச் சப்பாத்துகளில் பல 4 முதல் 8 வரைதான். ஒரே நாளில் இறங்காமல் இரண்டு மூன்று வாரம் பழையதையும் புதியதையும் கலந்து அணிய வேண்டும். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் நீங்காத வலிக்குச் சப்பாத்தில் விடை தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கும் இடத்தில்

அறிகுறி எது என்று தெரிந்தபின் கடையில் செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரு முனையையும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் கொஞ்சம் எதிர்ப்புத் தர வேண்டும். குதிகால் கிண்ணத்தை இரு விரலால் நெருக்கினால் நசுங்கக் கூடாது. டெக்கத்லான் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பவையும், பெரிய நிறுவனங்களின் சென்ற ஆண்டு மாதிரிகளும் மலிவு விலைக்குள் வருபவை. புதிய மாதிரி வந்ததும் பழையதன் விலை இறங்குகிறது. பெரும்பாலும் மாறியிருப்பது நிறமும் மேல்துணியும்தான்.

வாங்கிய தேதியைச் சப்பாத்து நாக்கின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். நாளொன்றுக்கு 6 கிலோமீட்டர், வாரம் ஐந்து நாள் என்றால் மாதம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பொதுவாகச் சொல்லப்படும் 500 முதல் 800 கிலோமீட்டர் ஆயுளை ஒரு ஜோடி நான்கு முதல் ஆறு மாதத்தில் கடந்துவிடும், இரண்டை மாற்றி அணிந்தால் ஓராண்டு வரை வரும். பற்கள் பாதிக்குமேல் தேய்ந்த ஜோடியைத் தார்ச்சாலை நாள்களுக்கு ஒதுக்குங்கள். அதன் நுரையும் செத்த பிறகு வீட்டுக் கொல்லையில் புல் வெட்டும்போது அணிந்துகொள்ளலாம்.